மணி அடிக்கும், வேறொன்றும் செய்யாது

என் தம்பி வேலை பார்த்த பள்ளிக்கூடம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அங்கே கடைசி மணி நாலு பத்துக்கு. அது காதில் விழுந்ததும் பால் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவேன். ஆய்வகத்தைப் பூட்டி, சாவியை அலுவலக அறை ஆணியில் மாட்டிவிட்டு அவன் வாசலில் வந்து செருப்பைக் கழற்றுவதற்கும் பால் பொங்குவதற்கும் சரியாக இருக்கும். பத்து வருடத்துக்கு மேல் இப்படித்தான். அந்த மணியை அடித்தவனும் அவன்தான். ஆனால் கையால் அல்ல.

அவன் போன பிறகு என் கைக்கு வந்தது ஒரு பழைய மடிக்கணினியும், அதற்குள் நூற்று நாற்பத்து மூன்று முறை எழுதப்பட்டிருந்த ஒரே ஒரு வார்த்தையும். அவற்றில் நூற்று நாற்பத்திரண்டு காத்திருக்கக்கூடியவை. ஒன்றுக்கு மட்டும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

அவன் ஆய்வக உதவியாளன். சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்ப்பது, குப்பிகளில் சீட்டு ஒட்டுவது, அமில அலமாரி பூட்டியிருக்கிறதா என்று மூன்று முறை இழுத்துப் பார்ப்பது, இதுதான் வேலை. நெட்டையான ஆள். கதவு நிலை உயரமாக இருந்தாலும் குனிந்தே நுழைவான். சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும், ஒன்று எழுதாது. "அதைத் தூக்கிப் போடேன்டா" என்றால், "திடீர்னு எழுத ஆரம்பிச்சுட்டா?" என்பான். யாரிடமும் எதையும் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம்கூட முடியாது என்று சொல்லவில்லை. பார்க்கிறேன் என்றான். நாற்பத்தாறு வயது வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பள்ளியில் முன்பெல்லாம் காவலாளிதான் இரும்பு மணியைச் சுத்தியலால் அடிப்பார். அவருக்குத் தோள் இறங்கிப்போய் ஓய்வு பெறும்போது அந்த இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. தலைமையாசிரியை இவனைக் கூப்பிட்டிருக்கிறார்.

"சார், நீங்கதான் எந்நேரமும் கம்ப்யூட்டரத் தட்டிக்கிட்டே இருக்கீங்களே. அது கொஞ்சம் மணியையும் தட்டக் கூடாதா?"

"பாக்குறேன் மேடம்."

கழித்துப்போட்ட கணினி ஒன்றைத் துடைத்து, வராந்தா ஒலிபெருக்கிகளுக்குக் கம்பி இழுத்து, நேரம் பார்த்து மணியடிக்கும் ஒரு மென்பொருளை மூன்று வாரத்தில் எழுதிவிட்டான். ஒலிக்காக எங்கும் தேடவில்லை. ஓய்வு பெறும் நாளன்று காவலாளியைக் கடைசியாக ஒருமுறை மணியை அடிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொண்டான். அந்தப் பதிவின் வால்நுனியில், மணியின் ரீங்காரம் அடங்குகிற இடத்தில், காவலாளி லேசாக இருமுவார். அதை வெட்டிவிடலாம் என்று நினைத்திருக்கிறான். பிறகு விட்டுவிட்டான்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை பூட்டிய பள்ளியில் காலையிலிருந்து மணி அடித்தது. கணினிக்கு ஞாயிறு என்றால் என்னவென்று யாரும் சொல்லவில்லை. இவன் தட்டில் போட்டதை அப்படியே விட்டுவிட்டு, கழுவாத கையோடு தெருவில் ஓடினான். எதிர்வீட்டு ஓட்டுநர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்: "ஊரெல்லாம் மணிச் சத்தம் கேட்டா பள்ளிக்கூடத்த விட்டு ஓடும். இவரு ஒருத்தர்தான் பள்ளிக்கூடத்த பாத்து ஓடினாரு."

பிறகு பக்கத்துப் பள்ளியில் கேட்டார்கள், அதற்கடுத்த பள்ளியில் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் நகல் எடுத்துக் கொடுப்பதற்குப் பதிலாக இணையத்தில் பொதுவில் வைத்துவிட்டான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே எழுதியிருப்பதைப் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதைத் திருப்பித் தரலாம். காசு கிடையாது, யாரும் முதலாளி கிடையாது. பெயர் "மணி". கூடவே கேட்க வேண்டியதைக் கேட்பதற்கு ஒரு கோரிக்கைப் பக்கம்.

அந்த இணையப் பக்கத்துக்கு ஒரு முன்னுரை வேண்டும் என்று, அட்டை கிழிந்த ஒரு குறிப்பேட்டில் எட்டு வரி எழுதி என்னிடம் நீட்டினான். நான் அச்சகத்தில் பிழை திருத்துபவள். சிவப்புப் பேனா இல்லாமல் எதையும் படிக்க வராது. எட்டு வரியையும் குறுக்கே அடித்துவிட்டு, ஓரத்தில் நாலு வார்த்தை எழுதிக் கொடுத்தேன். மணி அடிக்கும். வேறொன்றும் செய்யாது.

"என்னக்கா, மணி அடிக்கும்னு எழுதுறதுக்கு நான் எழுதின அத்தனையையும் அடிச்சுட்டே?"

"எட்டு வரியா வளவளன்னு எழுதினா ஆளுக்கு ஒண்ணாப் புரிஞ்சுக்குவாங்கடா. இது யாருக்கும் தப்பாப் புரியாது."

"புரியாதுல்ல?"

"புரியாது."

அப்படியே போட்டான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அச்சகத்தில் என் திருத்தத்தை அப்படியே ஏற்றுக்கொள்பவர்கள் குறைவு.

யாருக்கும் தப்பாகப் புரியவில்லை. ஆனால் யாரும் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. மணி அடிக்கிறதே, அப்படியே வருகைப் பதிவும் எடுத்தால் என்ன? தேர்வு அட்டவணை போட்டால் என்ன? மழை விடுமுறை என்றால் பெற்றோருக்குக் குறுஞ்செய்தி போனால் என்ன? பிறந்தநாள் பிள்ளைகளுக்குப் பாட்டு? எங்கள் தாளாளரின் குரலில் தினமும் ஒரு நல்வார்த்தை? அந்த இருமலை எடுத்துவிடக் கூடாதா? ஒவ்வொன்றின் கீழும் என் தம்பி ஒரே பதிலை எழுதினான்: பார்க்கிறேன்.

நம் பேச்சில் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். பார்ப்போம் என்றால் இப்போது முடியாது, இன்னொரு முறை கேட்டுத் தொல்லை செய்யாதே. பார்க்கிறேன் என்பது மட்டும் ஆளைப் பொறுத்தது. சொல்கிறவரின் முகத்தைப் பார்த்தால்தான் அது ஆமாவா இல்லையா என்று தெரியும். என் தம்பி சொல்லும்போது இடது காதைச் சொறிந்தால் இல்லை. சொறியாவிட்டால் ஒருவேளை. எங்கள் சமையலறைப் பலகை ஒன்று ஒரு பக்கத் திருகு கழன்று மூன்று வருடமாகச் சாய்ந்தே நிற்கிறது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் காதைச் சொறிந்துகொண்டே "பாக்குறேன்க்கா" என்பான். நான் டப்பாக்களை மறுபக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டேன். கோரிக்கைப் பக்கத்தில் எழுதியவர்களுக்கு அவன் காது தெரியாது.

"போன வருசம் பார்க்கிறேன்னு சொன்னீங்க. பார்த்துட்டீங்களா, இல்ல கண்ணாடி மாத்தணுமா?" என்று ஒருவர். "செய்ய வக்கில்லைன்னா எதுக்கு பொதுவுல வைக்கணும்?" என்று இன்னொருவர். இவற்றையெல்லாம் வாசித்துவிட்டு மன்னிப்புக் கேட்டு எழுதுவான். பள்ளி விட்டு வந்து, பாலைக் குடித்துவிட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம் வரைக்கும் மன்னிப்புக் கேட்பதிலேயே போய்விடும்.

உதவிக்கு உருப்படியாக வந்தது ஒரே ஆள். எங்கேயோ வேறு ஊரில் இருந்துகொண்டு, இவன் எழுதிய மென்பொருளில் விட்டுப்போயிருந்த ஒரு அரைப்புள்ளியைப் போட்டு அனுப்பியவர். அதற்குப் பிறகு பேரே அரைப்புள்ளி ஆகிவிட்டது. ஆறு வருடம் இருவரும் எழுத்திலேயே பழகினார்கள். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாராக இருக்கும் என்று இவனாக முடிவு செய்துகொண்டு "சார்" போட்டே எழுதுவான். அந்த சார்தான் சண்டை பிடித்தார். எல்லை என்று ஒன்று எழுதி வைத்திருக்கிறோம், அதற்கு வெளியே இருப்பதற்கு முடியாது என்று சொல்லுங்கள், நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்றார். இவன் அதற்கும் பார்க்கிறேன் என்று எழுதினான். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அந்த மாதம் முழுக்க இவன் பாலை ஆற விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். என்னவென்று கேட்டதற்கு, "சாருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ" என்றான். கோபம் என்று ஒத்துக்கொள்ள மனமில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த ஒன்று. காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் ஆசிரியை எழுதியிருந்தார். எங்கள் பிள்ளைகளுக்கு மணி கேட்காது, சத்தத்துக்குப் பதில் அறைக்கு ஒரு விளக்கு எரிந்து அணையும்படி உங்கள் மென்பொருளால் செய்ய முடியுமா? இரண்டே வரி. அவன் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினான். நான் அடுத்த நாள் அச்சுக்குப் போக வேண்டிய பக்கங்களில் மூழ்கியிருந்தேன்.

"என்னக்கா பண்றது இத?"

"முடியாதுன்னு எழுது. எத்தன தடவடா சொல்றது?"

"இது வேற மாதிரி இருக்குக்கா."

"எல்லாமே வேற மாதிரிதான் இருக்கும். வரியில என்ன போட்டிருக்கு?"

"மணி அடிக்கும்."

"வெளிச்சம் அடிக்குமா?"

"நீ சொன்னா அடிக்காதுதான்" என்றான். பிறகு, "பாக்குறேன்" என்றான். நான் தலை நிமிரவில்லை. காதைச் சொறிந்தானா என்று தெரியாது.

எட்டு நாள் கழித்து, நாலு பத்துக்கு மணி அடித்தது. பாலை ஏற்றினேன். பொங்கியது, அடுப்பை அணைத்தேன். ஆடை படிந்தது. நாலே முக்காலுக்கு எதிர்வீட்டு ஓட்டுநர் வந்து, "கொஞ்சம் என்கூட வாங்கம்மா" என்றார். ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. சாவி கையில் இருந்ததாம்.

மறுநாள் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். அதை மணிக்குச் சொல்ல யாருக்கும் தெரியவில்லை. வீடு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, எட்டு ஐம்பதுக்கு முதல் மணி. ஒன்பது. ஒன்பது நாற்பது. காலி வகுப்பறைகளுக்குப் பாட வேளை மாறிக்கொண்டே இருந்தது. பெரியப்பா மகன் பொறுக்க முடியாமல், "யாராவது போய் அந்த மணிய நிறுத்துங்களேன்பா" என்றார். நிறுத்தத் தெரிந்த ஒரே ஆள் கூடத்தில் படுத்திருந்தான். மணிக்குப் பின்னால் வரும் இருமல் இரண்டு தெருவுக்குக் கேட்காது. ஆனால் எங்கே வரும் என்று எனக்குத் தெரியுமாதலால் ஒவ்வொரு முறையும் அதற்காகக் காத்திருந்தேன்.

இரண்டு வாரத்தில் கோடை விடுமுறை வந்துவிட்டது. அதை அவன் முன்பே பதிந்து வைத்திருந்தான். மணி நின்றது. பால்காரரிடம் அளவைக் குறைக்கச் சொன்னேன்.

பள்ளி திறக்கப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது தலைமையாசிரியை தொலைபேசியில் கூப்பிட்டார். "சொல்லவே சங்கடமா இருக்கும்மா. புது வருஷத்துக்குச் சாப்பாட்டு நேரம் மாறுது. சார் எங்கயாவது எழுதி வச்சிருக்காரான்னு..." எழுதி வைத்திருப்பான் என்று அவன் மடிக்கணினியை முதல் முறையாகத் திறந்தேன். நேரம் மாற்றும் விதம் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது, தலைமையாசிரியைக்குப் படித்துச் சொன்னேன். அதற்குப் பின்னால் கோரிக்கைப் பக்கம் திறந்தே கிடந்தது. மேலே, நேற்று வந்த கடிதம்.

"ஐயா, நீங்கள் பார்க்கிறேன் என்று சொன்ன நம்பிக்கையில் பதினெட்டு அறையிலும் விளக்கு மாட்டிவிட்டோம். எங்களுக்கும் அன்றுதான் பள்ளி திறக்கிறது. உங்கள் பதிலைக் காணோம். நலமாக இருக்கிறீர்களா?"

அத்தனை பேரில் நலமா என்று கேட்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

எல்லோருக்குமாக ஒரு அறிவிப்பு எழுதினேன். இதைச் செய்துவந்தவர் இறந்துவிட்டார், நான் அவருடைய அக்கா, எனக்கு இந்த வேலை தெரியாது. அடியில் என் தொலைபேசி எண்ணைப் போட்டேன். பிறகு கடிதத்தில் இருந்த எண்ணில் அந்த ஆசிரியைக்குப் போன் செய்தேன். முடியாது என்று என் வாயாலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று நினைத்தேன். முதலில் செய்தியைச் சொன்னேன்.

"அடடா... நான் பாட்டுக்கு விளக்கு மாட்டியாச்சு, எப்ப வரும்னு எழுதிக்கிட்டே இருந்திருக்கேனே. என்ன நினைச்சிருப்பீங்க."

"அவன் பாக்குறேன்னு சொன்னது..." என்று ஆரம்பித்தேன். எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. "அது அவன் எல்லார்கிட்டயும் சொல்றதுங்க."

"எங்க ஸ்கூல்ல அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தாங்க. ரெண்டு விரல கண்ணுகிட்ட வச்சுக் காட்டுவோம். காட்டினா, ஒருத்தர் நம்மள கவனிக்கிறாருன்னு அர்த்தம். பசங்ககிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

"இப்ப எப்படி சமாளிக்கிறீங்க?"

"ஆயாம்மா ஒரு கொடிய எடுத்துக்கிட்டு ஒவ்வொரு ரூமா போயி கதவுல நின்னு ஆட்டுவாங்க. முதல் ரூம்ல ஆட்டிட்டு கடைசி ரூமுக்குப் போறதுக்குள்ள நாலு நிமிஷம். அந்தப் பசங்களுக்குச் சாப்பாட்டு நேரம் எப்பவும் நாலு நிமிஷம் கம்மி. அதனாலென்னங்க, பழகினதுதான். நீங்க இத நினைச்சு மனசக் கொழப்பிக்காதீங்க."

"பாக்குறேங்க" என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. போனை வைத்த பிறகும் அது கூடத்தில் நின்றுகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் ஒரு பெண் கூப்பிட்டார்.

"அக்கா, நான்தான் அரைப்புள்ளி."

"அவன் உங்கள சார் சார்னுல்ல சொல்லுவான்?"

"ஆமாக்கா." அழுதுகொண்டே சிரித்தார். "முதல்லயே சொல்லியிருக்கணும். அப்புறம் சொன்னா அவரு வெக்கப்படுவாரேன்னு விட்டுட்டேன். மருந்துக்கடையில வேலைக்கா எனக்கு. நாள் முழுக்க 'ஏம்மா, இந்தாம்மா'ன்னுதான் கூப்பிடுவாங்க. ஒரு இடத்துலயாவது சாரா இருந்துட்டுப் போவோமேன்னு இருந்துட்டேன்." பிறகு, "கோபத்துல போயிட்டேன்க்கா. திரும்பி வரணும்னு தினமும் நினைப்பேன். நாளைக்கு, நாளைக்குன்னு..." என்றார்.

விளக்கைப் பற்றிக் கேட்டேன்.

"வேலை பெருசில்லக்கா. சத்தம் போடுன்னு எழுதியிருக்கிற இடத்துல சுவிட்சப் போடுன்னு எழுதணும். நாலஞ்சு நாள் போதும். நான் எழுதிருவேன். வெளியிடற அனுமதி அவரு ஒருத்தர்கிட்டதான் இருந்துச்சு. அவரு மடிக்கணினியில இருந்து நீங்கதான் அனுப்பணும். ஆனா அது இல்ல எனக்கு பயம்."

"என்ன பயம்?"

"அந்த வரிய வச்சுத்தான் நான் எல்லார்கிட்டயும் சண்டை போட்டேன். அவருகிட்டயும். மணி அடிக்கும், வேறொன்றும் செய்யாது. இப்ப விளக்குக்குக் கதவத் தொறந்துவிட்டா பின்னாடியே பொறந்தநாள் பாட்டு வரும், வருகைப் பதிவு வரும். அவங்களுக்கு மட்டும் ஏன்னு கேப்பாங்க. இதுக்கு ஆமான்னு சொன்னா மத்த நூத்தி நாப்பத்திரண்டு பேருக்கும் காரணத்தோட முடியாதுன்னு சொல்லணும். இல்லன்னா அவரு பட்ட பாடு அப்படியே உங்க தலையிலயும் என் தலையிலயும் வந்து விழும். யாரு சொல்லுவா?"

காலையில் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்தேன்.

மறுநாள் காலை அவனுடைய மேசையின் கீழ்த் தட்டைக் காலி செய்தேன். காரணம் ஒன்றும் இல்லை, உட்கார்ந்திருக்க முடியவில்லை. அந்தப் பழைய குறிப்பேடு அங்கே இருந்தது. எட்டு வரியின் மேல் என் சிவப்புக் கோடுகள். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாத எட்டு வரிகள். வளவளவென்று இருப்பதாக எனக்கு அன்று பட்டது. முதல் வரி:

"பள்ளிக்கூடத்தில் நேரம் வந்துவிட்டது என்பதை எல்லோருக்கும் தெரியப்படுத்தும்."

"எல்லோருக்கும்" என்ற சொல்லை மட்டும் தனியாகச் சுழித்து, ஓரத்தில் என் கையெழுத்தில் "தேவையில்லை" என்று இருந்தது.

அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டியதைத் திருப்பி வைக்க வேண்டுமென்றால் சொல்லின் கீழே வரிசையாகப் புள்ளி வைப்போம். இருபத்தாறு வருட வேலையில் எத்தனையோ முறை வைத்திருக்கிறேன். அன்றைக்கு அவன் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த ஒரு சொல்லின் கீழே புள்ளி வைத்தேன். கேட்க ஆளில்லாத திருத்தம். அவன் ஒன்பது வருடமும் என் நாலு வார்த்தைக்குக் கட்டுப்பட்டு, தான் முதலில் எழுதியதை ஒரு முறைகூட எடுத்துக் காட்டவில்லை. வெளிச்சம் அடிக்குமா என்று நான் கேட்டபோதாவது காட்டியிருக்கலாம்.

அரைப்புள்ளியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

"இதுதான்க்கா சரி" என்றார். உடனே, "இருங்க இருங்க. தெரியப்படுத்தும்னு போட்டா பெத்தவங்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புன்னு வந்து நிப்பாங்க" என்றார்.

"அப்ப, 'பள்ளியில் இருக்கும் எல்லோருக்கும்'?"

"ம். வீட்டுல இருக்கறவங்க வெளிய. பொறந்தநாள் பாட்டு?"

"நேரம்னு இருக்கே. பிறந்தநாள் நேரமில்ல, தேதி."

"அய்யோ அக்கா, நீங்க வக்கீலுக்குப் போயிருக்கலாம்."

ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினோம். அவன் இருந்திருந்தால் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் பார்க்கிறேன் என்று சொல்லியிருப்பான். கடைசியில் நின்றது இதுதான்: நேரம் வந்ததும் பள்ளியில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். வேறொன்றும் செய்யாது.

அவர் மருந்துக்கடை மூடிய நேரங்களில் விளக்குக்கு எழுதினார். நான் அச்சகத்தில் நாலு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு முடியாது எழுதினேன். மொத்தமாக ஒரே பதிலை ஒட்டிவிடலாம் என்றார் அரைப்புள்ளி. எனக்கு மனம் ஒப்பவில்லை. அவன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தான். நானும் ஒவ்வொருவருக்கும் அவரவர் கேட்டதைச் சொல்லி, அது ஏன் இந்த மென்பொருளின் வேலை இல்லை என்று சொல்லி, உங்களைக் காக்க வைத்ததற்கு வருந்துகிறோம் என்று எழுதினேன். வருகைப் பதிவுக்காரருக்கு முடியாது. நல்வார்த்தை கேட்ட தாளாளருக்கு முடியாது. அவன் வாழ்நாளில் சொல்லாததை அவன் கணக்கில் இருந்துகொண்டு நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இருமலை எடுக்கச் சொன்னவருக்கு மட்டும் காரணம் எழுதவில்லை. "முடியாது. அது இருக்கட்டும்" என்று எழுதினேன்.

நிறையப் பேர் நல்லபடியாகவே பதில் போட்டார்கள். முடியாது என்று அப்போதே சொல்லியிருந்தால் வேறு வழி பார்த்திருப்போமே என்றார்கள் சிலர். கோபமே இல்லாமல் சொன்னார்கள், அதுதான் வலித்தது. ஒருவர் மட்டும் இரங்கலையும் வாசித்து, முடியாது என்பதையும் வாசித்துவிட்டு, "சரி, அப்ப எப்ப வரும்?" என்று கேட்டிருந்தார். நான் அத்தனை நாளுக்குப் பிறகு தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். திரும்பி, "டேய், இங்க பாரேன்" என்று சொல்லியும்விட்டேன்.

நூற்று நாற்பத்திரண்டும் முடிந்த மறுநாள், அரைப்புள்ளி போனில் ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லச் சொல்ல, அவன் மடிக்கணினியிலிருந்து புதிய பதிப்பை வெளியிட்டேன். அனுப்புவதற்கு முன், என்ன மாற்றம் என்று எழுதச் சொல்லி ஒரு கட்டம் வந்தது. "விட்டுப்போன சொல் சேர்க்கப்பட்டது" என்று எழுதினேன்.

பள்ளி திறந்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. எட்டு ஐம்பதுக்கு இரண்டு தெரு தள்ளி மணி அடித்தது. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு. ஒன்பதுக்கு மறுபடியும் அடித்தது. சமையலறையில் நின்று கேட்டேன். அதே நேரத்தில் எங்கேயோ பதினெட்டு அறைகளில் ஏதாவது நடந்திருக்க வேண்டும், அல்லது நடக்காமல் போயிருக்க வேண்டும். எங்கள் தெருவில் குப்பை வண்டி போனது. மதியம் வரைக்கும் ஒரு தகவலும் இல்லை. கேட்கலாமா என்று இரண்டு முறை போனை எடுத்தேன். முதல் நாள், அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று வைத்துவிட்டேன்.

மூன்றரைக்குத்தான் அந்த ஆசிரியையின் செய்தி வந்தது.

"ஒன்பது மணிக்குச் சரியா அடிச்சுதுங்க. எல்லா ரூம்லயும் ஒரே நேரத்துல. கொடி புடிக்கிற ஆயாம்மா இன்னிக்கு உக்காந்து சாப்பிட்டாங்க."

விளக்கு எரிந்தது என்றல்லவா எழுத வேண்டும் என்று கை தானாகத் திருத்தப் போனது. விட்டுவிட்டேன்.

நாலு பத்துக்குக் கடைசி மணி அடித்தது. எழுந்து போய்ப் பாத்திரத்தை எடுத்து, ஒரு தம்ளர் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தேன்.